சூளைப்பட்டணத்துச் சட்டம்

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க இப்போதும் எனக்குக் கை வராது. காலண்டரை ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காற்று அடித்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒரு ஆணிக்காக ஒன்றும் சொல்லமாட்டார் என்று என் கணவர் சொல்வார். சொல்லமாட்டார்தான். ஆனால் சொல்லிவிட்டால்? கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. நல்ல மனிதர்கள் சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொல்வதுதான் எனக்குப் பயம்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் ஒரு பட்டணத்தில் எனக்குச் சொந்த வீடு இருந்தது. மூன்று துண்டுச் செங்கல், மேலே ஒரு உடைந்த ஓடு. பட்டணத்தின் பெயர் சூளைப்பட்டணம். பாறசாலையிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், அம்மாவின் குடும்ப வீட்டு விளை என்கிற தோட்டம் சரிந்து முடிகிற இடத்தில், கைவிடப்பட்ட ஒரு செங்கல் சூளை கிடந்தது. வயலில் மண் எடுக்க முடியாமல் போனதும் அதை நடத்தியவர்கள் பாதி வெந்த கல்லையும் சாம்பலையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தச் சாம்பலின் மேல்தான் நாங்கள் பட்டணம் கட்டினோம்.

இதையெல்லாம் எழுதினால் மாமா வீட்டுப் பிள்ளைகள் யாராவது படித்துவிடுவார்களோ என்று ஒரு யோசனை இருக்கிறது. படித்தாலும் அவர்களுக்கு இது ஞாபகம் இருக்காது. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா வேதக்காரர். அம்மா அவரைக் கட்டிக்கொண்டபோது ஞானஸ்நானம் வாங்கி, வெள்ளைச் சேலை உடுத்தி, சர்ச்சில் வைத்துத்தான் கட்டினாள். அம்மா வீட்டார் யாரும் வரவில்லை. பிறகு அப்பா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். முதலில் மாதம் ஒரு தடவை வந்தார், பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தார், பிறகு வரவில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து வடக்கு அறையில் இருந்தாள். வந்தவளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி.

அம்மாவின் குடும்பம் ஒரு காலத்தில் மருமக்கள்வழி. வீடு பெண்களுக்கு, தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண்பிள்ளை அதை நோக்கி நடத்தலாம், அவன் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் கிடையாது. அரசாங்கம் அந்தச் சட்டத்தையெல்லாம் எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் சட்டம் போன பிறகும் வீட்டில் அதன் வாசனை மட்டும் இருந்தது. பெண் எப்போது திரும்பி வந்தாலும் அவளுக்கு ஒரு அறை உண்டு என்பது அந்த வாசனைதான். கன்னிமூலையில் இருந்த குடும்பத்து அம்மன் கோயிலில் அந்த வீட்டுப் பெண்தான் விளக்கு வைக்க வேண்டும் என்பதும் அதுதான். அம்மா கல்யாணத்துக்கு முன்பு வரை தினமும் விளக்கு வைத்தவள். திரும்பி வந்த பிறகு அவள் விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிப் பின்வாசலில் வைப்பாள். மாமி வந்து எடுத்துக்கொண்டு போய்க் கொளுத்துவாள். மாமி என்றால் மாமாவின் மனைவி. வேறு வீட்டிலிருந்து வந்தவள். வேறு வீட்டிலிருந்து வந்தவள் விளக்குக் கொளுத்த, அந்த வீட்டில் பிறந்தவள் தேய்த்துக் கொடுத்தாள். நான் அதைத் தினமும் பார்த்தேன். அம்மாவுக்குத் தேய்க்கப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுப் பெரியவர்கள் இறந்துவிட்டதால் வீட்டைப் பாகம் வைக்க வேண்டும் என்ற பேச்சு அந்த வருடம் தொடங்கியிருந்தது. மாமாவுக்கு இரண்டு மகன்கள். அம்மாவுக்கு ஒரு அக்கா, எனக்குப் பெரியம்மா. அவளைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது. பெரியம்மா ஒருத்திதான் அம்மாவுக்காகப் பேசுகிறவள். “அவளுக்க வடக்கு முறியில ஆரும் கை வைக்கப் பிடாது, கேட்டியளா” என்று மாமாவின் முகத்தைப் பார்த்தே சொல்லுவாள். மாமா சிரிப்பார். அவர் எப்போதும் சிரிப்பார்.

அந்த லீவுக்குப் பெரியம்மாவின் மகள் வந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அக்கா வந்தால் எங்களுக்கெல்லாம் ஒரு ஆளுகை வந்த மாதிரி. பட்டணம் அவளுடைய யோசனை. சட்டங்களும் அவளுடையவை. பெரியம்மா அவளுக்குப் பழைய காலத்து வழக்கங்களைக் கதையாகச் சொல்லியிருந்தாள். அதில் பாதியும் அக்காவின் சொந்தக் கற்பனை பாதியுமாக அந்தச் சட்டங்கள் இருந்தன.

சூளைப்பட்டணத்தில் வீடெல்லாம் பெண்களுக்கு. ஆண்களுக்கு வீடு கிடையாது, யூனியன் உண்டு. பனச்சமூடு சந்தையில் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு லாரியில் சுமடு இறக்குகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு யூனியன்காரர் சாக்கை இன்னொரு யூனியன்காரர் தொட முடியாது. அதனால் பட்டணத்திலும் மண்ணு யூனியன், நாரு யூனியன், ஓலை யூனியன் என்று வைத்தோம். மண்ணு யூனியன் வீடு கட்டும், வாழைநார் கிழிக்கிறது நாரு யூனியன், ஓலை யூனியன் கூரை போடும். வீடு இருந்தாலும் வேலைக்குப் பெண்களும் யூனியனில் உண்டு, நான் ஓலை யூனியன். ஒவ்வொரு யூனியனுக்கும் பழைய துணியில் ஒரு கொடி, ஒரு சாமி. மண்ணு யூனியன் சாமி ஒரு உடைந்த புகைக்குழாய். நாரு யூனியனுக்கு ஒரு பலாக்குற்றி. ஓலை யூனியன் சாமி, கண் வரைந்த ஒரு தேங்காய்ச் சிரட்டை. அம்மை எந்தச் சாமியைக் கும்பிடுகிறாளோ அதுதான் பிள்ளைக்கும் சாமி.

புருஷன் என்று ஒருத்தன் பட்டணத்துக்குப் பொழுது மயங்கின பிறகு வரலாம், விடிவதற்குள் போய்விட வேண்டும். மாமாவின் இளைய மகன் எட்டு வயதுக்காரன், ஏன் என்று கேட்டான்.

“அது அப்படித்தான்லே. பகல்ல வந்தா அவனுக்குச் சோறு குடுக்கணுமில்லியா” என்றாள் அக்கா.

எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது.

பட்டணத்தில் முதல் கலகம் மாமாவின் மூத்த மகனால் வந்தது. அவன் மண்ணு யூனியன். நகத்தில் மண் ஏறுகிறது என்று சொல்லி, யாரிடமும் கேட்காமல் நாரு யூனியனில் போய் உட்கார்ந்து நார் கிழித்தான். அக்கா அவனை விசாரித்தாள். யூனியன் மாறினால் சாமியும் மாறுகிறது, சாமி மாறினவனுக்கு ஊருக்குள்ளே இடம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னாள். பட்டணத்தைச் சுற்றி ஒரு கயிறு கிடந்தது, அதுதான் மதில். தலையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே போக வேண்டும். அவன் ஒரு செங்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய் அன்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்தான். அவனுக்கு உள்ளே வர வழி இருந்தது. அவன் மண்ணு யூனியனுக்குத் திரும்பிவிட்டான், அவ்வளவுதான்.

கலகம் அதோடு முடியவில்லை. இளையவன் இரவில் சாப்பிடாமல் அழுதான். மாமி என்னவென்று கேட்டிருக்கிறாள்.

“எனக்கு வீடு கெடையாதாம். எனக்கும் அண்ணனுக்கும் ஒண்ணும் கெடையாதாம். எல்லாம் அவளுகளுக்காக்கும். அதாக்கும் இந்த வீட்டுச் சட்டம்ணு அக்கா சொல்லிச்சி.”

அடுப்படியில் நான் கிழங்கு தின்றுகொண்டிருந்தேன். மாமி என்னைப் பார்த்தாள். பிறகு பின்வாசலில் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

“பிள்ளையளுக்குத் தன்னால வருமா இதெல்லாம்” என்றாள். “பெரியவங்க ராத்திரி முறிக்குள்ள பேசுகது. அதுகள் கேட்டுட்டு வந்து அதையே வச்சு வெளையாடிக் களிக்குது.”

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை. அன்று படுக்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள், அந்தச் சட்டமெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது, நீ ஏதாவது சொன்னாயா, என் பெயரை யாராவது எடுத்தார்களா என்று. நான் இல்லை என்றேன். நாளைக்கு அங்கே விளையாடப் போகாதே என்றாள். பிறகு, போகாமல் இருந்தால் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள், போ என்றாள். பிறகு ரொம்ப நேரம் புரண்டுகொண்டிருந்தாள். எனக்கு இந்தக் கவலைப்படுகிற புத்தி எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் மாமா பட்டணத்துக்கு வந்தார்.

கையில் கொஞ்சம் உடைந்த ஓடு கொண்டுவந்திருந்தார், எங்கள் வீடுகளுக்குக் கூரை போட. மதில் கயிற்றைத் தாண்டும்முன் செருப்பைக் கழற்றினார். உள்ளே வரலாமா என்று அக்காவிடம் கேட்டார். பெரியவர்கள் யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. சாம்பலில் வேட்டி படாமல் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக, இது யாருக்க வீடு, இது யாருக்க வீடு என்று விசாரித்தார். என் வீட்டுக்கு நல்ல ஓடாகப் பார்த்து அவரே வைத்தார். மாமாவுக்கு எங்கள்மேல் பிரியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தது. அதுதான் கஷ்டம்.

“அப்பம் இந்த ஊருல எனக்கு என்ன உண்டு?” என்று கேட்டார்.

“நீங்க ஆண்பிள்ளையில்லியா மாமா. வீடு கெடையாது” என்றாள் அக்கா. “யூனியன்ல ஒரு பாய் உண்டு.”

“பாய் மட்டுந்தானா?”

“தலகாணி நீங்க கொண்டு வரணும்.”

மாமா சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் தன் இரண்டு மகன்களையும் ஒரு தடவை பார்த்தார். அவரும் அந்த வீட்டில்தானே பிறந்து வளர்ந்தார். சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் அவரிடம் அந்தப் பாய்க் கதையைச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். நினைப்பதால் எனக்குக் கோபம் குறையவில்லை.

பிறகு அவர் ஒரு ஓட்டுத் துண்டால் சாம்பலில் கோடு போட்டுக்கொண்டே கேட்டார். “யூனியன் மாறினவனை வெளிய இறக்கினீங்களாமே. அவன் ஆண்பிள்ளை, சரி. ஒரு பொம்பிள சாமி மாறினா?”

அக்காவுக்கு அது புதுக் கேள்வி. தன் சட்டத்தில் ஓட்டை இருந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவள் கவலை.

“ஆரு மாறினாலும் வெளியத்தான்.”

“அவளுக்க வீடு?”

“வீடு ஊருக்கு. மிச்சம் இருக்கியவங்க எடுத்துக்கலாம்.”

“அவளுக்க பிள்ளை?”

“அம்மைக்க சாமியாக்கும் பிள்ளைக்க சாமி. பிள்ளையும் கூடப் போணும்.”

“பாவமில்லியா மக்கா? ஒண்ணும் குடுக்காமலா விடுகது?”

“தலையில எடுக்க முடிஞ்சதை எடுத்திட்டுப் போகட்டும்.”

மாமா அக்காவின் தலையில் கை வைத்தார். “நல்ல சட்டம். பெரிய வக்கீலுக்குக்கூட இப்படி வராது” என்றார். மடியிலிருந்து கடலை மிட்டாய் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு ஒன்று கூடுதலாகக் கொடுத்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை, மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேட்டில் ஏறி மறைவதற்குள் மூத்தவன் என்னை விரலால் காட்டினான். “அப்பம் இவ? இவளுக்க அம்மை சர்ச்சுக்குப் போறவளாக்கும். இவ எப்படி ஓலை யூனியன்ல இருக்கா?”

அக்கா முழித்தாள். நான் அவளுக்குப் பிரியமானவள், ஓலை நன்றாக முடைவேன். ஆனால் சட்டம் இப்போதுதான் ஆகியிருந்தது, மிட்டாய் வாயில் கரையக்கூட இல்லை. “நீ கொஞ்சம் வெளிய இருந்துக்க பிள்ளே” என்றாள். “உனக்க வீட்டை நான் எடுக்கமாட்டேன். நீயே கொண்டுபோ. ஒரு ஒரு கல்லாத் தலையில வச்சு.”

எனக்கு வருத்தமே இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். சட்டப்படி நடக்கிறது என்ற திருப்திதான் இருந்தது. மூன்று கல்லையும் மாமா வைத்த ஓட்டையும் ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து மதிலுக்கு வெளியே கொண்டுபோய், கயிற்றிலிருந்து சரியாக ஒரு கை தூரம் விட்டுக் கட்டிக்கொண்டேன். அங்கே எனக்குச் சாமி வேண்டும் என்றார்கள். இரண்டு குச்சியைக் குறுக்காகக் கட்டி நட்டேன். எல்லாரும் வந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். இளையவன் தனக்கும் வெளியே ஒரு வீடு வேண்டும் என்று அடம்பிடித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை குடும்பக் கோயிலில் கொடைத் திருவிழா. சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாகம் வைக்கிற பேச்சை அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பதாக ஏற்பாடு. பெரியம்மா அதற்காகவே முந்தின நாளே வந்துவிட்டாள். அவள் வந்ததும் அம்மாவுக்கு முகம் தெளிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் பேசிக்கொள்கிறேன், நீ வாய் திறக்க வேண்டாம் என்று பெரியம்மா அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா வாய் திறக்காமல் இருப்பதில் கெட்டிக்காரி.

ஆனால் மாமா சாப்பாட்டுக்குப் பிறகு வரை காத்திருக்கவில்லை. பந்தியில் பாயசம் விளம்பிக்கொண்டே ஆரம்பித்தார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். நம்முடைய பிள்ளைகள் கீழே சூளையில் ஒரு பட்டணம் கட்டியிருக்கிறார்கள், அங்கே எனக்கு ஒரு பாய்தான் கிடைத்தது, தலையணைகூட இல்லை என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. புருஷன் பொழுது மயங்கி வர வேண்டிய சட்டத்தைச் சொன்னார். சிரிப்பில் ஒருத்தருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

“அதிலயும் ஒரு தீர்ப்பு உண்டு, கேக்கணும்” என்றார் மாமா. “நான் சொன்னா நல்லாருக்காது. வக்கீலம்மையையே கூப்பிடுங்க.”

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் புதுப் பாவாடை கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிறவள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு பந்திக்கு நடுவே நின்று சொன்னாள். சாமி மாறினால் வெளியே. பொம்பிளையானாலும் வெளியே. வீடு மிச்சம் இருக்கிறவர்களுக்கு. பிள்ளையும் கூடப் போக வேண்டும். தலையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

பெரியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மகள் தடுமாறாமல் சொல்கிற பெருமை அவள் முகத்தில் இருந்தது. கடைசி வரிக்கு வரும்போது அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் வேறு எங்கோ போய்விட்டது. பந்தியின் தலைமாட்டில் இருந்த ஒரு பெரியவர், அம்மாவின் மாமன் முறை, பாயசத்தை வழித்துவிட்டுச் சொன்னார்: “களியானாலும் சொன்னதில நியாயம் உண்டு. கோயில் இருக்கிய வீடாக்கும் இது.”

“நான் ஒண்ணும் சொல்லல்ல” என்றார் மாமா. “எனக்க அக்காளுக்க மகளாக்கும் தீர்ப்புச் சொன்னது.”

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை கொஞ்சம் குறைவாக.

அம்மா அப்போது பப்படக் கூடையோடு பந்தியின் பாதியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு வைத்தாயிற்று, அடுத்த ஆளுக்கு வைக்க வேண்டும். அவள் அடுத்த ஆளுக்கு வைத்தாள். அதற்கடுத்த ஆளுக்கும் வைத்தாள். பந்தி முடியும் வரை ஒருத்தரையும் விடாமல் வைத்துக்கொண்டே போனாள். அந்தப் பெரியவருக்கு இரண்டு வைத்தாள், கேட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு எடுத்தபோது பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. பெரியம்மா ஏதோ தொடங்கினாள். உடனே ஒருத்தர், உன் வீட்டு வக்கீலே சொல்லியாச்சே என்றார். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. சண்டை இல்லாமல், யாரும் யாரையும் போ என்று சொல்லாமல், ஒரு பிள்ளையின் வாயால் காரியம் முடிந்துவிட்டது. கைகழுவுகிற இடத்தில் பெரியம்மா அம்மாவின் தோளைத் தொட்டு, “பிள்ளையளுக்க களியில்லியா, மனசுல வைக்காத” என்றாள். அம்மா, இல்லக்கா என்றாள்.

பெரியம்மாவுக்குத் தெற்கு விளை கிடைத்தது. தென்னை நல்ல காய்ப்பு உள்ள விளை. வீடும் மற்றதும் மாமாவுக்கு. அம்மாவுக்கு வேறு சாமி. அன்றிலிருந்து பெரியம்மா வடக்கு அறையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. விளை பேசி முடித்தது அன்றைக்கா, முன்பே ஒரு வார்த்தை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ராத்திரியில் விழிப்பு வந்தால் அதைத்தான் யோசிப்பேன். யோசித்து என்ன செய்ய.

கேஸ் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும், மதம் மாறினாலும் மகளுக்கு உள்ளது மகளுக்குத்தான் என்று பின்னாளில் பனச்சமூட்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா அம்மாவிடம் சொன்னார். அம்மா அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்படியா என்று கேட்டுவிட்டுப் பட்டனுக்குக் காஜா எடுத்தாள். அதற்குள் நான் படிப்பை நிறுத்தி அவள் பக்கத்தில் இன்னொரு மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் தைத்தால்தான் வாடகை வரும்.

அக்கா இப்போது குவைத்தில் நர்ஸ். தெற்கு விளையில் மாடிவீடு கட்டிப் போன வருடம் பால் காய்ச்சினாள். எனக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. வீடு அவளுடைய மகளின் பெயரில், மகள் பெயரையே வாசலில் பதித்திருக்கிறாள். நம்ம சூளைப்பட்டணம் ஞாபகம் இருக்கா பிள்ளே, புருஷன் பொழுது மயங்கித்தான் வரணும், எப்படிப்பட்ட சட்டமெல்லாம் வச்சிருந்தோம் என்று அனுப்பி, பின்னால் கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை நாலைந்து போட்டிருந்தாள். மற்றச் சட்டம் அவளுக்கு ஞாபகம் இல்லை. கேட்கலாம் என்று போனை எடுத்தேன். கேட்டால் வருத்தப்படுவாளோ என்று நானும் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டு அனுப்பினேன்.

நாங்கள் புறப்பட்டது ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கின வாரம். முதல் நாள் மழை பெய்து அன்று காலை வெளுத்திருந்தது. மாமி அடுக்களையிலிருந்து ஒரு பானையைக் கொண்டுவந்து இதையும் எடுத்துக்கோ என்றாள். மாமா முன்வாசலில் நின்று, ஆட்டோ சொல்லட்டுமா, யூனியன்காரனைக் கூப்பிடட்டுமா, எல்லாத்தையும் எடுத்துக்கோ, எப்பம் வேணாலும் வரலாம் என்றார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அம்மா ஆட்டோ வேண்டாம் என்றாள். முன்வாசல் வழியாகப் போனால் ரோட்டில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று பின்வாசல் வழியாக இறங்கினாள். அந்த வழி சூளையைத் தாண்டித்தான் போகும். அம்மாவின் தலையில் தகரப் பெட்டி, கையில் துணிமூட்டை. என் தலையில் பானை. நாங்களும் சட்டப்படிதான் போகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். மதிலுக்கு வெளியே வேறொரு பட்டணம் கட்டப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சூளைக்கு வந்ததும் அம்மா நின்றாள். அதற்கு முன் அவள் பட்டணத்தைப் பார்த்ததே இல்லை. மழையில் சாம்பல் கரைந்து, கொடிகள் நனைந்து தொங்கின. சிரட்டைச் சாமியின் கண் அழிந்திருந்தது. அம்மா பெட்டியை இறக்கிச் சூளைச் சுவர்மேல் வைத்தாள்.

“இதில நம்ம வீடு எது?”

நான் கயிற்றுக்கு வெளியே காட்டினேன். மூன்று கல், ஒரு ஓடு, பக்கத்தில் சாய்ந்து நின்ற குச்சிச் சிலுவை.

“வெளியயா?”

“வெளிய.”

அம்மா குனிந்தாள். முதலில் ஓட்டை எடுத்தாள். பிறகு கல் ஒவ்வொன்றாக எடுத்துச் சேலையில் துடைத்து, கயிற்றைத் தாண்டிக் கொண்டுபோய், பட்டணத்துக்கு நட்டநடுவில், அக்காவின் வீட்டுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். ஓட்டை மேலே வைத்தாள். ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது, நாங்கள் போக வேண்டிய பஸ் போய்விடுமோ என்று எனக்குப் பதற்றம். அதைவிடப் பெரிய பதற்றம் இன்னொன்று இருந்தது. யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும்.

“அம்மா, அங்க வைக்கப் பிடாது” என்றேன். “நாம சாமி மாறினவங்களாக்கும்.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. பிறகு ஓட்டை எடுத்தாள். கல்லை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தாள்.

“இஞ்சயா?”

“கொஞ்சம் தள்ளி. கயித்தில இருந்து ஒரு கை தள்ளி.”

தள்ளி வைத்தாள். “இப்பம் சரியா?”

“சரி.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தலையில் ஏற்றினாள். நான் பானையோடு பின்னால் நடந்தேன். எங்கள் அம்மாவுக்கு ஒரு தடவை சொன்னால் போதும், சட்டம் பிடிபட்டுவிடும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.